மரபணுவுக்கும் உண்டு சுவிட்ச்



மேல்நிலை வகுப்பில் லேக் ஓபரான் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்ததும் பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. "பாக்டீரியாவின் சுவிட்ச் நமக்கு எதற்கு?" என்று ஒரு மாணவி கேட்டால், சொல்வதற்கு நல்லதொரு பதில் இருக்கிறது.

டெட்ராசைக்ளின் மருந்தை எதிர்த்து வாழும் சில ஈ.கோலை பாக்டீரியாக்களில், அம்மருந்தை வெளியேற்றும் புரதத்திற்கான மரபணு உண்டு. அப்புரதம் மிகுந்தால் செல்லுக்கே கேடு. எனவே மருந்து இல்லாதபோது ஓர் அடக்கிப் புரதம் டி.என்.ஏ.வில் அமர்ந்து அம்மரபணுவைத் தடுக்கிறது. மருந்து வந்து அடக்கியைப் பற்றியதும் அது விலகுகிறது; மரபணு இயங்குகிறது.

1992-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் மான்ஃபிரெட் கோசன், ஹெர்மன் புயார்ட் இருவரும் இந்த அடக்கியுடன், மரபணுவைத் தூண்டும் ஒரு வைரஸ் புரதப் பகுதியை இணைத்து மனித செல்களில் செலுத்தினர். இப்போது அது அமர்ந்தால் மரபணு இயங்கும். டெட்ராசைக்ளின் கொடுத்தால் நின்றுவிடும். மருந்து கொடுத்தால் இயங்கும் மாற்று வடிவம் 1995-இல் வந்தது.

இதை வகுப்பில் நடித்தே காட்டலாம். கரும்பலகையை மறைத்து ஒரு மாணவர் நிற்கட்டும்; அவர்தான் அடக்கி. 'மருந்து' என்ற அட்டையுடன் வருபவர் அவரை அழைத்துச் சென்றால் மற்றவர்கள் பலகையைப் படிக்கலாம். அடுத்து அறையை இருட்டாக்கி, அதே மாணவரிடம் டார்ச் விளக்கைக் கொடுத்துப் பலகையருகே நிறுத்துங்கள். அவர் நின்றால் வெளிச்சம். அழைத்துச் சென்றால் இருள். ஆள் அவரேதான், கையில் விளக்கு வந்ததால் விளைவு தலைகீழானது.

2000-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சுவிட்சைச் சுண்டெலிகளில் பயன்படுத்தினர். மூளையைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹன்டிங்டனுக்குக் காரணமான பிறழ்ந்த மரபணுவின் ஒரு பகுதியைச் சுண்டெலிகளின் மூளையில் இயங்கச் செய்தனர். நரம்பு செல்களில் புரதத் திரள்கள் சேர்ந்தன, நடமாட்டம் கெட்டது. பின்னர் டெட்ராசைக்ளின் வகை மருந்தான டாக்ஸிசைக்ளினைக் கொடுத்து அம்மரபணுவை நிறுத்தினர். திரள்கள் மறைந்தன, நடமாட்டமும் தேறியது.

இதனால் மனிதருக்குச் சிகிச்சை கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. ஆனால், நோய் தொடங்கிய பின்னும் மூளை மீள இடமுண்டு என்பதை இச்சோதனை காட்டியது.

"எங்கள் குடும்பத்து நோய், என் தலையெழுத்து" என்று எண்ணும் பிள்ளை நம் வகுப்பிலும் இருக்கலாம். மரபணு இருப்பது வேறு, அது இயங்குவது வேறு. லேக் ஓபரான் பாடத்தில் அந்தப் பிள்ளை இதைக் கேட்டாக வேண்டும்.