லேசரா, கண்ணாடியா? முதலில் கண்ணைக் காட்டுவோம்

(தோட்டத் தலைவர்கள், தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும், வீட்டைப் பற்றியும், காணியைப் பற்றியும் நாம் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று கண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் சம்பளப் பிரச்சினைதான். ஏன் என்று கடைசியில் சொல்கிறோம்.

இதைப் பேச ஒரு காரணம் உண்டு. எங்கள் அங்கத்தவர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. கொஞ்சக் காலமாக அவருடைய கொழுந்தில் முத்தல் இலை கலக்கிறது என்று நிறுவையில் கழித்தார்கள். கிலோ குறைந்த நாட்களில் அரைப் பேர்தான் விழுந்தது. "கண் மங்குதும்மா" என்று போனில் சொன்னதும், கொழும்பில் வேலை செய்யும் மகள் பதறிப்போனார். யாரோ சொன்னதைக் கேட்டு, "அம்மாவுக்கு லேசர் செய்வோம், பிறகு கண்ணாடியே தேவைப்படாது" என்று சங்கிலியை அடகு வைத்துவிட்டு, மீதிக் காசுக்கு நுண்கடன் எடுக்கவும் ஆயத்தமானார். நல்ல வேளையாக இந்தக் கதை எங்கள் தலைவியின் காதுக்கு வந்தது. அரசாங்க வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு கண்ணில் கட்டரக்ட், அதாவது கண்புரை, ஆரம்பித்திருந்தது. மற்றபடி கிட்ட உள்ளதைப் பார்க்க ஒரு கண்ணாடி தேவை. மகள் கேள்விப்பட்டிருந்த அந்த லேசர் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

மகள் மீது குற்றமில்லை. பாசத்தில் செய்ததுதான். "லேசர்" என்ற ஒரே சொல்லைப் பல சிகிச்சைகளுக்குச் சொல்வதால் வந்த குழப்பம் அது. அதைத் தெளிவாக்கத்தான் இந்தப் பேச்சு.

கண்ணாடியைக் கழற்றும் லேசர்

கண்ணின் கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போலத் தெளிவான ஒரு படலம் இருக்கிறது. வெளிச்சம் அதன் வழியாக உள்ளே போய், கண்ணின் பின்பக்கம் உள்ள விழித்திரையில் சரியாக விழ வேண்டும். படலத்தின் வளைவு கூடினாலோ குறைந்தாலோ, கண்ணின் நீளம் கூடினாலோ குறைந்தாலோ, வெளிச்சம் சரியான இடத்தில் விழாது. பார்வை மங்கும். கண்ணாடி வெளியிலிருந்து அதைச் சரிப்படுத்துகிறது. லேசர் அந்தப் படலத்தையே மிக நுணுக்கமாகச் செதுக்கி வளைவை மாற்றுகிறது. லாசிக், பி.ஆர்.கே., ஸ்மைல் என்று நீங்கள் கேள்விப்படும் பெயர்கள் எல்லாம் இந்த வேலையைச் செய்யும் வேறு வேறு முறைகள்.

இதற்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். 1981இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் அவரும் இரண்டு சகாக்களும், எக்சைமர் லேசரால் சுற்றியுள்ள இடத்தைச் சுடாமல் சதையைத் துல்லியமாக வெட்டலாம் என்று கண்டுபிடித்தார்கள். முதலில் பரிசோதித்தது, விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பிலும் சதையிலும்.

நல்ல கண்டுபிடிப்புத்தான். ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. 18 வயது முடிந்திருக்க வேண்டும். குறைந்தது ஒரு வருடமாவது கண்ணாடியின் பவர் மாறாமல் இருக்க வேண்டும். படலம் போதிய தடிப்பாக இருக்க வேண்டும். படலம் மெலிந்து கூம்பி வரும் நோய் உள்ளவர்களுக்கும், கண் மிகவும் வறண்டிருப்பவர்களுக்கும் செய்யக்கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போட வேண்டும்.

நமது பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போகிறார்கள். கண்ணாடி இல்லாமல் இருக்க ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் இது பெரும்பாலும் தனியார் வைத்தியசாலையில் காசு கட்டிச் செய்யும் சிகிச்சை. அந்தக் காசைக் கட்டுவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: என் படலத்தை அளந்து பார்த்தீர்களா? எனக்கு இந்த முறை ஏன் பொருத்தம்? சொன்ன தொகைக்குள் பிந்திய கிளினிக்கும் மருந்தும் அடங்குமா? திரும்பவும் பவர் வந்தால் என்ன செய்வீர்கள்? செய்த பிறகு சிலருக்குக் கண் வறட்சி வரும். சிலருக்கு இரவில் வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரியும். சில கிழமைகளுக்குக் கண்ணைக் கசக்கக்கூடாது, தூசியும் புகையும் அழுக்குத் தண்ணீரும் படக்கூடாது. மலையில் மருந்தடிப்பவரும் ஃபெக்டரித் தூசியில் நிற்பவரும் எத்தனை நாள் லீவு தேவை என்று டொக்டரிடம் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும்.

இன்னொன்று. நாற்பது வயதுக்குப் பிறகு கிட்ட உள்ளது மங்குவது இதனால் நிரந்தரமாகத் தீராது. லேசர் செய்தவருக்கும் அந்த வயதில் வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும்.

தட்டிக் கழிக்கக் கூடாத லேசர்

கண் கிளினிக்கில் வேறு லேசர்களும் உண்டு. இவை அழகுக்கோ வசதிக்கோ அல்ல, பார்வையைக் காப்பாற்ற.

சீனி நோய் உள்ளவர்களுக்கு விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடையும். ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. தெரிய வரும்போது பாதிப்பு முற்றியிருக்கும். போன பார்வையை லேசர் பெரும்பாலும் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்றும். ஆகவே சீனி உள்ள ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு தடவை, மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த மருந்து விட்டால் சில மணித்தியாலங்களுக்கு மங்கலாக இருக்கும். கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள்.

கண்ணின் உள்ளே அழுத்தம் கூடும் கிளோக்கோமா என்ற நோய்க்குச் சிலருக்கு லேசர் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் நாற்பதுக்கு மேல் கட்டாயம் காட்டுங்கள். கட்டரக்ட் வேறு. அது உள்ளே இருக்கும் லென்ஸ் மங்குவது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் ஒப்பரேஷனால் மட்டுமே அது தீரும். சொட்டு மருந்தால் கரையாது. ஒப்பரேஷன் செய்து சில மாதமோ சில வருடமோ கழித்துப் பார்வை திரும்ப மங்கினால், லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வில் சில நிமிட லேசர் வேலையால் சரிப்படுத்தலாம். "ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது" என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

நுவரெலியா, பதுளை, கண்டி அரசாங்க வைத்தியசாலைகளில் கண் கிளினிக் உண்டு. கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை உண்டு. முதலில் அங்கே போங்கள். அடகுக் கடை அதற்குப் பிறகு.

மலையில் கண்ணுக்கு வரும் ஆபத்து

கவ்வாத்து வெட்டும்போது சிராய் தெறிக்கும். கொழுந்து பறிக்கும்போது குச்சி குத்தும். தேயிலைக் குச்சியோ இலையோ கீறிய கண்ணில் பூஞ்சணம் பிடித்தால் படலமே புண்ணாகும். அதில் தாய்ப்பாலோ இலைச் சாறோ விடாதீர்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கியும் விடாதீர்கள். ஸ்டீரொய்ட் கலந்த மருந்து பூஞ்சணத்தை வளர்த்துவிடும். உள்ளே ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காமல், கசக்காமல், அப்படியே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கண்ணில் மருந்து தெறித்தால், உடனே, அந்த இடத்திலேயே, சுத்தமான தண்ணீரால் பதினைந்து இருபது நிமிடம் கழுவ வேண்டும். இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். கழுவிய பிறகுதான் வாகனம் தேட வேண்டும். எந்த மருந்து என்று தெரிய, போத்தல் லேபிளையும் கையோடு கொண்டு போங்கள்.

வேலை செய்யும்போது பட்ட காயம் என்றால் அதே நாளில் எழுத்தில் பதியச் செய்யுங்கள். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பதிவும் டொக்டரின் துண்டும் இல்லாமல் பிறகு வழக்காடுவது கஷ்டம். தலைவரிடம் சொல்லுங்கள், சங்கம் கூட வரும்.

பிள்ளைகளையும் பாருங்கள். புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிக்கும் பிள்ளை, கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும் பிள்ளை, படிப்பில் மட்டம் என்று ஏச்சு வாங்குகிறது. அதற்குக் கண்ணாடிதான் தேவையோ என்னவோ. மாறுகண் இருந்தால் "வளர்ந்தால் சரியாகும்" என்று காத்திருக்கக்கூடாது. சின்ன வயதில் வைத்தியம் செய்யாவிட்டால் அந்தக் கண்ணின் பார்வை வளராமலே போய்விடும்.

இது ஏன் சம்பளப் பிரச்சினை?

2017இல் அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கிட்டப் பார்க்கச் சிரமப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்களை விட நாளுக்கு 5 கிலோவுக்கு மேல் கூடுதலாகப் பறித்தார்கள். ஏறக்குறைய 22 வீதம் அதிகம். 50 தாண்டியவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரியது. 2018இல் லான்செட் மருத்துவ இதழ்களில் ஒன்றில் இது வெளிவந்தது. விலை குறைந்த, சாதாரணக் கண்ணாடிதான் இதைச் செய்தது.

தோழர்களே, நமது மலைகளில் எத்தனை அம்மாமார் "கை மந்தம்", "சோம்பல்" என்று ஏச்சு வாங்கி அரைப் பேரோடு வீடு திரும்புகிறார்கள்! கையில் அல்ல, கண்ணில்தான் குறை என்று யாராவது ஒரு நாள் பார்த்தார்களா?

அதனால் தோட்ட நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இதுதான். நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை தோட்டத்திலேயே கண் பரிசோதனை, அந்த நேரத்துக்குச் சம்பளம். தேவையானவர்களுக்குச் சம்பளத்தில் பிடிக்காமல் கண்ணாடி. மருந்தடிப்பவர்களுக்கும் கவ்வாத்துக்காரர்களுக்கும் கண் கவசம், மலையில் கழுவத் தண்ணீர். கண்ணாடி கொடுத்ததைக் காட்டிக் கிலோவைக் கூட்டக் கூடாது. நமது கண் தெளிந்தால் அதன் பலன் நமது சம்பளத் துண்டிலும் தெரிய வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போய் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எதிர்லயத்துக் கதவைப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணைப் பொத்திப் பாருங்கள். ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். அரிசியில் கல் பொறுக்கிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கும் மற்றக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தாலோ, கிட்ட உள்ளது மங்கினாலோ, பெயரைத் தலைவியிடம் கொடுங்கள். இரண்டும் சரியாகத் தெரிந்தாலும், சீனி உள்ளவர்கள் கட்டாயம் பெயர் கொடுங்கள். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் அந்தப் பட்டியல் வந்தால், நிர்வாகத்தின் மேசையில் நாம் வைக்கும் கோரிக்கைக்கு அதுதான் பலம்.

அந்த அம்மா இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போகிறார். கண்புரைக்கு கிளினிக்கில் திகதி கொடுத்திருக்கிறார்கள். மகளின் சங்கிலியையும் மீட்டாயிற்று.