காட்டு வழியும் பருவங்களும்



1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பலருக்குப் புகலிடம் அளித்த ஊர்களுள், புத்தளத்தை அடுத்த தில்லையடியும் ஒன்று. 2009இல் போர் ஓய்ந்தபின், மன்னார் முசலிப் பகுதியில் விட்டுவந்த காணிகளைக் காணப் பலர் புறப்பட்டனர்.

அனுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னார் செல்வது நெடுஞ்சுற்று. எழுவன்குளத்தில் கலா ஓயாவைக் கடந்து, வில்பத்துக் காட்டினூடே மறிச்சுக்கட்டியை அடைவதோ குறுக்கு வழியாயிருந்தது. 2010இல் அவ்வழி மீண்டும் திறக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள் உடையோர்க்கு ஊர் அண்மையிலாயிற்று.

ஆயினும், அவ்வழியில் ஆணை செலுத்தியவை பருவங்களே. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களிற் புழுதி கண்ணை மறைக்கும். பாலைப்பழம் கனியும் அக்காலத்தில் அதனை நாடிக் கரடி வரும். கோடை முதிர முதிர, நீர் வற்றாத வில்லுகளைத் தேடி யானைகள் நடமாடும். ஆதலின், பொழுது சாயுமுன் காட்டைக் கடந்துவிட வேண்டியிருந்தது. ஐப்பசியில் வாடைமழை தொடங்கிவிட்டால், கலா ஓயா பெருகிச் சப்பாத்துப் பாலத்தை மூழ்கடிக்கும். அப்பொழுது இயந்திரத்தின் விசையால் யாது பயன்? நீர் வடியும்வரை கரையில் நிற்பதே அறிவுடைமையாயிருந்தது.

வில்பத்து 1938இல் தேசிய வனமாக்கப்பட்டது. அதனூடே வாகனங்கள் செல்லலாகாதென்று சூழலியலாளர் நீதிமன்றத்தை நாடினர். ஊர் திரும்பும் உரிமை ஒருபுறம். வாய்பேசா உயிர்களின் வாழ்வு மறுபுறம். இரண்டும் நியாயமே. ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிப்பது அறமாகாது என்பதை நாம் நெஞ்சில் இருத்துவோமாக.