ஆணிப்பலகை விளையாட்டு: ஒரு திட்டம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்க மண்டபத்தின் பின்னறையில் சிறுவர் கூடி விளையாட ஒரு மரப்பொறி செய்து வைத்தல் வேண்டும் என்பது நமது விண்ணப்பம். இலக்கியம் பேசும் மேடையில் தச்சுவேலை பேசுகின்றாரே என்று எவரும் முகம் சுளிக்க வேண்டா. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், தங்கவயல் மக்களுள் பல்லாயிரவர் விடியற்கால வண்டியில் பெங்களூர் சென்று, இருட்டிய பின்னரே திரும்புகின்றனர். சீட்டுக் கொடுக்கும் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருக்கும் நமக்கு அம்முகங்கள் மனப்பாடம். அவர்கள் வீடு சேரும் வரையில் பிள்ளைகள் என் செய்கின்றனர்? ஆளுக்கொரு மூலையில் கைபேசியோடு கிடக்கின்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாட்டில் 'பேகடல்' என்றொரு மேசை விளையாட்டு இருந்தது. கோலால் குண்டைத் தள்ளி, ஆணிகளுக்கு இடையே உள்ள குழிகளில் விழச் செய்வர். 1871-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மாண்டேகு ரெட்கிரேவ் என்பார் கோலை நீக்கி, சுருள்வில் பொருத்திய இழுகோலை அமைத்துக் காப்புரிமை பெற்றார். 1947-இல் 'ஹம்ப்டி டம்ப்டி' என்னும் பொறியில், விழும் குண்டை மீண்டும் மேலே அடிக்கும் தட்டுக்கைகள் வந்து சேர்ந்தன. நம் நாட்டுப் பொம்மைக் கடைகளில் விற்ற பேகடல் பலகையை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள்.

இது சூதாட்டப் பொறி அன்றோ என்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வினவினார். சம்பள நாளன்று சீட்டாட்டத்தில் கூலியை இழந்த குடும்பங்களைக் கண்டவர் அவர்; அவர் அச்சம் நியாயமானதே. நியூயார்க் நகரமும் அவ்வாறே எண்ணி 1942-இல் இதனைத் தடை செய்தது. மேயர் லா கார்டியா தாமே சம்மட்டி எடுத்துப் பொறிகளை உடைத்தார். ஆயின் அது தட்டுக்கை தோன்றாத காலம். குண்டு போன வழியே போக்கு. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்னும் இளைஞர் நகர மன்றத்தார் கண்முன் குண்டை இன்ன வழியே செலுத்துவேன் என்று சொல்லிச் செலுத்திக் காட்டினார், தடையும் நீங்கிற்று. நமது பொறியில் தட்டுக்கை உண்டு. காசு போடும் துளை இராது.

1902-இலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் வந்து சேர்ந்த பெருமை இவ்வூருக்கு உண்டு. எனினும் இப்பொறிக்கு மின்சாரம் வேண்டா. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட ஒட்டுப்பலகை போதும். இக்காலப் பொறிகளின் சரிவு ஏறத்தாழ ஆறரைப் பாகை. நம் பலகையின் தலைப்பக்கத்தை நான்கு அங்குலம் உயர்த்தினால் அச்சரிவு கிட்டும். அங்கே ஆடுவது எண்பது கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு. அதனை உந்த நம் இழுகோலுக்கு வலிமை போதாது. ஆகவே கண்ணாடிக் கோலியே போதும்.

ஆணிகளின் அமைப்பில்தான் சுவை இருக்கின்றது. ஓரங்குல இடைவெளியில், ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் ஆணி நிற்குமாறு எட்டு வரிசை அடிக்க வேண்டும். அவற்றின் கீழே ஒன்பது வாயில்கள். கோலி ஒவ்வோர் ஆணியிலும் இடமோ வலமோ திரும்பும். ஆக 256 வழிகள். நடு வாயிலுக்கு 70 வழிகள் உண்டு. ஓர வாயில் ஒவ்வொன்றுக்கும் ஒரே வழி. இங்கிலாந்து அறிஞர் கால்ட்டன் இத்தகைய பலகையைக் கொண்டே இவ்வுண்மையை விளக்கினார். எனவே நடுவுக்குச் சிறிய எண்ணும், ஓரத்திற்குப் பெரிய எண்ணும் எழுத வேண்டும். வாயில் கடந்து வரும் கோலியைக் கீழே இரு தட்டுக்கைகள் ஏற்கும். அவற்றை மீட்டிழுக்கச் சைக்கிள் டியூபை நறுக்கிய வளையங்கள் உதவும். பலகையை உலுக்கி ஏமாற்றுவாரைக் காட்டிக் கொடுக்க, வளையத்தினுள் ஒரு சிறு தூக்குக்குண்டு தொங்கும்.

எண்ணிக்கையை எதிரே நிற்கும் பிள்ளை வாய்விட்டுக் கூட்டிச் சொல்ல வேண்டும், அதுவும் தமிழில். எழுபத்தொன்பதுக்கும் எண்பத்தொன்பதுக்கும் வேறுபாடு அறியாது விழிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கின்றனர். இத்திட்டத்தில் நமக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே என்பதை மறைப்பானேன்?

சுரங்கத்தின் உள்ளே மரத்தூண் நாட்டிய முதியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஆணிக்கு முன்னே துளையிடாவிடில் பலகை பிளக்கும் என்பதை அவர்கள் சொல்ல, பிள்ளைகளே வேலை செய்யட்டும். பலகைக்கும் ஆணிக்கும் ஆகும் தொகையைச் செயற்குழு இசைந்து வழங்குமாறு வேண்டுகின்றோம். பழைய டியூப், சுருள்வில், இழைப்புளி வைத்திருப்போர் ஞாயிறு காலை மண்டபத்தில் சேர்ப்பிக்கலாம். பழுப்புத் தாளில் முழு அளவில் தீட்டிய வரைபடம் மேடையின் வலப்புறம் ஒட்டப்பட்டிருக்கின்றது. தட்டுக்கைகளின் இடம் மட்டும் பென்சிலால் குறித்திருக்கின்றோம், அறிந்தோர் திருத்துக.