ரெசினுக்குள் மாட்டிய காசு: எடுப்பது எப்படி?

(கம்பைநல்லூரில் கூட்டமைப்பு உறுப்பினர்களிடம் பேசியதன் சுருக்கம்)



ரெசின் பயிற்சி எடுத்த குழுக்கள் சாவிக்கொத்து, பெயர்ப்பலகை, பூ பதித்த டாலர் எல்லாம் செய்து விற்கிறீங்க. ரொம்ப சந்தோஷம். கூடவே ஒரு கேள்வியும் நம்மகிட்ட வருது. “ஞாபகத்துக்காகப் பாட்டியோட வெள்ளிக் காசை ரெசின்ல பதிச்சோம். இப்போ அவசரத்துக்கு வேணும். எப்படி வெளியே எடுக்கிறது?”

இது சின்ன விஷயம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து ஒரு ரூபாய்க் காசு 11.66 கிராம் எடை. 1939 வரை அடித்த காசில் நூற்றுக்கு 91 பங்குக்கு மேல் வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்ததில் பாதிதான் வெள்ளி. எதுவானாலும் அது பெண்கள் கையில் இருக்கிற சேமிப்பு. அவசரப்பட்டு உடைத்தால் காசில் கீறல் விழும். அடுப்பில் போட்டால் கரி பிடிக்கும், அந்தப் புகையும் விஷம். இரண்டும் வேண்டாம்.

முதலில் அது எந்த ரெசின் என்று பார்க்கணும். ரெசின், ஹார்ட்னர் என்று இரண்டு பாட்டிலைக் கலந்து ஊற்றியது பெரும்பாலும் எபாக்ஸி. இன்னொரு வகை அக்ரிலிக். தெரியவில்லையா? பஞ்சில் அசிட்டோன் தொட்டு, கட்டியின் அடிப்பக்கம் சில நிமிடம் வையுங்க. பிசுபிசுத்தால் அக்ரிலிக். ஒன்றும் ஆகவில்லை என்றால் எபாக்ஸியாக இருக்கும்.

அக்ரிலிக் என்றால் இப்படிச் செய்யலாம்:

1. காசைத் தொடாமல், ஓரத்தில் இருக்கிற அதிகப்படி ரெசினை ரம்பத்தால் அறுத்து எடுங்க. கட்டி சிறிதானால் வேலை சீக்கிரம் முடியும்.

2. மூடி உள்ள கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றுங்க. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், அதுவே கரைந்துவிடலாம்.

3. ரெசின் வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக இளகும். கட்டி பெரிதானால் சில நாள்கூட ஆகும். இளகியதை மரக்குச்சியால் வழித்துவிட்டு மறுபடி ஊற வையுங்க. வெள்ளி, செம்பு இவற்றை அசிட்டோன் அரிக்காது.

எபாக்ஸி அசிட்டோனில் கரையாது. கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் பல வகை எபாக்ஸி ரப்பர் மாதிரி இளகும். இடுக்கியால் எடுத்து, கையுறை போட்டு, சூடு ஆறுவதற்குள் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக வெட்டி உரிக்கணும். கத்தி கையை விட்டு வெளிப்பக்கமாகவே போகணும். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்கக் கூடாது.

இப்போ கவனமாகக் கேளுங்க. அசிட்டோன் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். அதன் ஆவி காற்றை விடக் கனம். தரையோடு தவழ்ந்து போய் தூரத்தில் எரிகிற அடுப்பைக்கூடத் தொட்டுவிடும். அதனால் சமையலறையில் இந்த வேலை கூடவே கூடாது. விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி, பீடி எதுவும் பக்கத்தில் இல்லாமல் திறந்த வெளியில் செய்யுங்க. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்க. மீந்ததைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீங்க.

பெயிண்ட் உரிக்கிற மருந்து சீக்கிரம் வேலை செய்யும் என்று யாராவது சொல்வாங்க. அதில் சிலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். மூடிய அறையில் அதைச் சுவாசித்து உயிரே போயிருக்கு. அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அதை 2024-ல் தடை செய்தாங்க. நமக்கு அது வேண்டவே வேண்டாம்.

காசு வெளியே வந்ததும் புளி, சாம்பல் போட்டுத் தேய்க்காதீங்க. பழைய காசு சேகரிப்பவர்கள் தேய்த்த காசுக்கு விலையைக் குறைப்பாங்க.

இன்னொன்று. புழக்கத்தில் இருக்கிற ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசைப் பதித்து விற்க ஆர்டர் வந்தால் எடுக்காதீங்க. 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி, காசைப் பணமாக அல்லாமல் வேறு எதற்கும் பயன்படுத்துவது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. நூறு ரூபாய் லாபத்துக்காகக் குழுவின் பெயர் கெட வேண்டுமா?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைப் பாதுகாக்க 1930-லேயே ஆய்வுக்கூடம் தொடங்கினாங்க. இந்தத் துறையில் ஒரு விதி உண்டு: பொருள் மேல் எதைப் பூசினாலும் பிறகு கழற்ற முடியணும். பழைய உலோகப் பொருள் மேல் மெல்லிய அக்ரிலிக் பூச்சு பூசுறாங்க. அசிட்டோன் தொட்டால் அது போய்விடும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அந்த விதியை நாமும் பிடித்துக்கொள்வோம். குடும்பத்துக் காசு, தாலிக் குண்டு, மோதிரம் என்று யார் கொண்டுவந்தாலும், “பதித்தால் எடுப்பது கஷ்டம்” என்று முதலிலேயே சொல்லிவிடணும். சம்மதித்தால் ஆர்டர் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கணும். 1989-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் மகளிர் குழுக்கள் திட்டம் தொடங்கியது. எதையும் எழுதி வைப்பது அன்றிலிருந்து நமக்குப் பழகிய வேலைதானே?

இதை அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் ஏற்றிவிடுங்க.