சொல்லுக்கு ஒரு மரம்

(பழைய மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



கொடுத்திருப்பது பத்து நிமிஷம். அதனால் ஒரே விஷயம்தான். ஒரு சொல் அகராதியில் இருக்கிறதா என்று கணினி எப்படித் தேடுகிறது?

தாம்பரத்தில் ரயில் ஏறினால் செங்கல்பட்டு வரை பொதுப் பாதை. அங்கேதான் ஒன்று காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம் பிரிகிறது; மற்றொன்று விழுப்புரத்துக்குப் போகிறது. ஊருக்கு ஊர் தாம்பரத்திலிருந்தே தனித் தண்டவாளம் யாரும் போடவில்லை. சொற்களையும் இப்படி அடுக்கலாம் என்று 1959இல் டி லா பிரியாண்டே எழுதினார். 1960இல் எட்வர்ட் ஃப்ரெட்கின் இதற்கு 'டிரை' என்று பெயர் வைத்தார். 'ரெட்ரீவல்' என்ற சொல்லின் நடுவிலிருந்து எடுத்த பெயர் அது.

மரம், மரபு, மருந்து, மருமகள், மருமகன் – இந்த ஐந்து சொல்லுக்கும் மொத்தம் 20 எழுத்து. மரமாக அடுக்கினால் 11 கணுக்களே போதும். 'ம' எல்லாருக்கும் பொது. அடுத்து 'ர' ஒரு கிளை, 'ரு' ஒரு கிளை. ஒவ்வொரு கணுவிலும் இரண்டே விஷயம்: அடுத்த எழுத்துக்கு வழி, 'இங்கே ஒரு சொல் முடிகிறது' என்ற குறி. பிறகு 'மரு' என்ற சொல்லைச் சேர்க்கப் புதுக் கணுவே வேண்டாம்; 'ரு'வில் குறி போட்டால் சரி. பட்டியலில் லட்சம் சொல் இருந்தாலும் 'மருமகள்' கிடைக்க ஐந்தே படிதான்.

இனிமேல்தான் தமிழுக்கே உரிய சிக்கல். யூனிகோடில் 'ரு' ஒரு எழுத்தல்ல. 'ர' ஒன்று, உகரக் குறி ஒன்று. 'மருமகள்' நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு. அப்படியே மரம் கட்டினால் 'மர' என்று தொடங்கும் சொல்லைக் கேட்டவருக்கு 'மருந்து'ம் சேர்ந்து வரும். தமிழ் படித்த எந்தப் பிள்ளையும் அதை ஒத்துக்கொள்ளாது! ஆகவே முதலில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டும். முத்து அண்ணாமலை அவர்களும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இப்படிப் பிரிக்கும் பகுதியும் உண்டு, சொல் மரமும் உண்டு. 247 எழுத்துக்கும் கணுவுக்குக் கணு இடம் ஒதுக்காதீர்கள். பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். வருகிற எழுத்துக்கு மட்டும் வழி வையுங்கள்.

இதோடு முடிந்ததா என்றால், இல்லை. 'மரத்தில்' என்று அடித்துப் பாருங்கள். ம, ர வரை போகும். அப்புறம் 'த்' என்ற வழியே கிடையாது. சரியாக எழுதிய பிள்ளைக்குச் சிவப்புக் கோடு விழும். நாலு தடவை அப்படி விழுந்தால், 'தமிழே வேண்டாம், இங்கிலீஷிலேயே அடிச்சிடலாம்' என்று அது போய்விடும். இதில் நமக்கு நஷ்டம் சின்னதல்ல.

1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் லட்சத்துக்கு மேல் சொற்கள் உண்டு. அவ்வளவையும் மரத்தில் ஏற்றினாலும் 'மரத்தில்' கிடைக்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லா வேற்றுமை வடிவத்தையும் ஏற்றினால் மரம் தாங்காது. வழி நன்னூலில் இருக்கிறது: 'மரம்' வேற்றுமை உருபு ஏற்கும்போது மகரம் கெட்டு அத்துச் சாரியை வரும். அந்த விதியைச் சொல் முடியும் கணுவில் ஒரு குறிப்பாக எழுதிவைத்து, உருபுகளைத் தனியாக இன்னொரு சிறு மரத்தில் வைத்தால் வேலை நடக்கும்.

ஆக, மரம் கட்டக் கணினித் துறைத் தம்பிக்குத் தெரியும். சாரியை எங்கே வரும் என்று தமிழ்த் துறைத் தங்கைக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு விஷயம் தேடுகிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பெயர்ச்சொல்லோடு தொடங்கினாலும் போதும். உதவிக்குப் பழைய மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம்.