பெட்டியில் காசு போடும் தீவு



இன்று ஒரு சின்னத் தீவின் கதையைக் கேளுங்கள். அந்தத் தீவின் பெயர் சாம்ஸோ. அது டென்மார்க் நாட்டில் இருக்கிறது.

டென்மார்க் என்றதும் சிலருக்குத் தரங்கம்பாடி நினைவுக்கு வரும். அங்கே கடலோரம் நிற்கிற கோட்டையை 1620-ல் கட்டத் தொடங்கியவர்கள் டென்மார்க்காரர்கள்தான். 1845-ல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுடைய நாடு வடக்கே, குளிர் நிறைந்த கடலோரத்தில் இருக்கிறது. அந்த நாட்டில் தீவுகள் நிறைய உண்டு.

சாம்ஸோவுக்குக் கப்பலில் போக வேண்டும். பெரிய நகரம் எதுவும் அங்கே இல்லை. 22 சிறு ஊர்கள்தான். மொத்த ஜனங்கள் சுமார் 3,700 பேர். வயல்கள், ஆடு மாடுகள், கூரை வேய்ந்த பழைய வீடுகள். அந்தத் தீவின் உருளைக்கிழங்குக்கு நாடு முழுக்கப் பெயர். முதல் அறுவடைக் கிழங்கை நல்ல விலை கொடுத்து வாங்குவார்கள்.

சாலையோரம் போகிறவர் ஓர் அதிசயத்தைப் பார்க்கலாம். வீட்டு வாசலில் ஒரு மேஜை இருக்கும். மேஜை மேல் உருளைக்கிழங்குப் பை, வெங்காயம், பழம், ஜாம் பாட்டில். விலை எழுதிய அட்டை. பக்கத்தில் ஒரு பணப்பெட்டி. விற்கிற ஆள்? ஆள் இல்லை. அவர் வயலில் வேலையாக இருப்பார். வேண்டியதை எடுத்துக்கொண்டு, காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

யாராவது சும்மா எடுத்துக்கொண்டு போனால்? போகலாம். ஆனாலும் மேஜைகள் வருடா வருடம் வருகின்றன. அப்படியானால் பெரும்பாலோர் காசு போடுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இதற்கு நல்ல மனம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சின்ன ஊர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஏமாற்றினால் நாளைக்கு முகத்தில் விழிக்க முடியாது. அதோடு, சேர்ந்து நடத்துகிற பழக்கம் அந்த நாட்டில் பழையது. 1882-ல் ஹியெடிங் என்ற ஊரில் விவசாயிகள் சேர்ந்து ஒரு பால் சங்கம் தொடங்கினார்கள். அது நாடெங்கும் பரவியது. பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. ஒரே மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு. ஓட்டு ஆளுக்குத்தான், மாட்டுக்கு இல்லை.

அதற்கும் முன்னால், 1844-ல், அங்கே மக்கள் பள்ளி ஒன்று பிறந்தது. குருண்ட்விக் என்ற பாதிரியாரின் யோசனை அது. வளர்ந்த கிராமத்து வாலிபர்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். பரீட்சை கிடையாது. பேசினார்கள், பாடினார்கள், நாட்டு நடப்பை விவாதித்தார்கள். கூட்டத்தில் எழுந்து பேசத் தெரிந்த விவசாயிகள் அப்படித்தான் உருவானார்கள்.

சரி, கிழங்குக் காசு சின்னக் காசு. பெரிய பணம் வந்தால் என்ன ஆகும்? அந்தச் சோதனையும் சாம்ஸோவுக்கு வந்தது.

1990-களின் கடைசியில் தீவுக்குக் கஷ்ட காலம். பன்றி இறைச்சித் தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டது. சுமார் 100 பேருக்கு வேலை போனது. இளைஞர்கள் தீவை விட்டுப் போனார்கள். வீட்டைச் சூடாக்க எண்ணெய் வெளியிலிருந்து வந்தது. மின்சாரமும் கடலுக்கடியில் கம்பி வழியாக வெளியிலிருந்துதான் வந்தது. பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம்.

அந்த நேரத்தில் டென்மார்க் அரசு ஒரு போட்டி வைத்தது. காற்று, வெயில், வைக்கோல் போன்றவற்றை வைத்தே வாழ எந்தத் தீவு தயார் என்பது கேள்வி. 1997-ல் சாம்ஸோ ஜெயித்தது. பரிசுப் பணம் எதுவும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், திட்டத்தை எழுதியவர் தீவுக்காரரே இல்லை. வெளியூர் எஞ்சினியர். தீவு ஜனங்களில் பலருக்கு அப்படி ஒரு போட்டி நடந்ததே தெரியாது.

ஜனங்களைக் கேட்காமல் வந்த திட்டம் என்ன ஆகும்? ஆர்வம் இல்லை. சந்தேகம்தான் இருந்தது. காற்றாலை வந்தால் கண்ணுக்கு அழகு கெடும் என்றார்கள் சிலர். லாபம் யாருக்கு என்று கேட்டார்கள் சிலர். அது நியாயமான கேள்விதான்.

சோரன் ஹெர்மான்சன் என்பவர் அந்தத் தீவுக்காரர். விவசாயி மகன். பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர். திட்டத்துக்கு முதல் ஊழியர் அவர்தான். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அவர் போய் உட்கார்ந்தார். காபி குடித்தபடி பேசினார். உலகத்தைக் காப்பாற்றுவோம் என்று மட்டும் சொல்லவில்லை. குழாய் வேலை செய்கிறவர்களிடம், உங்களுக்கு வேலை கிடைக்கும் என்றார். விவசாயியிடம், உங்கள் வைக்கோலுக்கு விலை கிடைக்கும் என்றார். ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆட்களை முதலில் சம்மதிக்க வைத்தார். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் வந்தார்கள். இதற்கு மாதங்கள் அல்ல, வருடங்கள் பிடித்தன.

முக்கியமான முடிவு பங்கு பற்றியது. காற்றாலையை வெளியூர்க் கம்பெனிக்கு விடவில்லை. தீவுக்காரர்களே பணம் போட்டார்கள். 2000-ல் நிலத்தில் 11 காற்றாலைகள் நின்றன. அவற்றில் 9 தனித்தனி விவசாயிகளுடையவை. 2 மட்டும் பொதுப் பங்கு. அந்த இரண்டில் சுமார் 450 பேர் சேர்ந்தார்கள். ஆகவே எல்லாம் எல்லோருக்கும் சமம் என்று சொன்னால் அது பொய்யாகும். வசதி உள்ளவர் பெரிதாகப் போட்டார், பெரிதாக எடுத்தார். ஆனால் சின்னப் பணம் உள்ளவருக்கும் கதவு திறந்திருந்தது. தன் பங்கு உள்ள காற்றாலை சுற்றினால் அதன் சத்தம் யாருக்கும் தொந்தரவாகத் தெரியாது அல்லவா?

பிறகு கடலில் 10 பெரிய காற்றாலைகள் வந்தன. அவற்றில் 5-ஐத் தீவின் உள்ளாட்சியே கடன் வாங்கிப் போட்டது. தீவுக்கு வேண்டிய மின்சாரம் போக, மிச்சம் கம்பி வழியாக வெளியே விற்பனைக்குப் போனது. ஒரு காலத்தில் மின்சாரம் உள்ளே வந்த வழி அது!

வைக்கோல் கதையும் உண்டு. அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கட்டிக் கொதிகலனுக்குக் கொண்டுபோகிறார்கள். அதில் தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியாக வீடு வீடாக அனுப்புகிறார்கள். அந்த வெந்நீர்தான் குளிரில் வீட்டைச் சூடாக்குகிறது. தண்ணீர் ஆறியதும் திரும்பிப் போகிறது. மிஞ்சும் சாம்பல் வயலுக்கு எரு.

எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடவில்லை. ஜனத்தொகை முன்பு 4,000-க்கு மேல் இருந்தது. அது குறைந்துவிட்டது. பிள்ளைகள் மேல்படிப்புக்கு வெளியே போனால் பலர் திரும்புவதில்லை. காரும் டிராக்டரும் எண்ணெய் குடிப்பது முற்றிலும் நிற்கவில்லை. காற்றாலைக்கும் ஆயுள் உண்டு. 20, 25 வருடம். 2000-ல் நட்டவை கிழடாகிவிட்டன. பழையதை எடுத்துப் புதியதை வைத்தால் அது இன்னும் உயரமாக இருக்கும். எங்கே வைப்பது? யார் பணம் போடுவது? யார் வீட்டு ஜன்னலில் தெரியும்? பழைய கேள்விகள் எல்லாம் மறுபடி எழுகிற நேரம் இது.

கூட்டம் போட வேண்டும். காபி போட வேண்டும்.