கோபத்துக்குக் கடிகாரம் வைத்த சட்டம்



சற்று முன் இம்மண்டபத்துத் திரையில் நாம் எல்லோரும் கண்டு முடித்த 'புரொவோக்டு' என்னும் படத்தைக் குறித்து இருபது நிமிஷத்துக்குள் என் அபிப்பிராயத்தைச் சொல்லி அமர்ந்துவிட வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் ஆக்ஞை பிறப்பித்து, இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்கட்டும்; நானும் கடிகாரத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஜக் முந்த்ரா இயக்கி 2006ஆம் ஆண்டில் வந்த இப்படத்தில் ஐஸ்வர்யா ராய் நடித்தார், நம் ஏ.ஆர். ரகுமான் இசையமைத்தார் என்று சொன்ன மாத்திரத்தில் கை தட்டுகிறீர்களே, அதில் பாதியைச் சேமித்து வையுங்கள். செலவழிக்க வேண்டிய இடம் பின்னால் வருகிறது. படத்தில் ஐஸ்வர்யா ராய் ஏற்ற கிரண்ஜித் அலுவாலியா என்னும் அம்மையார் கற்பனைப் பாத்திரம் அல்லர். பஞ்சாபிலே பிறந்து, 1979இல் மணமகளாய் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, இரண்டு ஆண் மக்களுக்குத் தாயாகி, ஏறக்குறையப் பத்து வருஷ காலம் கணவனுடைய அடிக்கும் வசவுக்கும் ஆளாகி, நியாயஸ்தலத்தில் தடையுத்தரவு வாங்கியும் அது காகிதமாகவே கிடக்கக் கண்டு, 1989 மே மாதத்து ஓர் இரவில், பழுக்கக் காய்ந்த இஸ்திரிப்பெட்டியை முகத்தருகே கொண்டுவந்து மிரட்டிய அந்த மனிதன் போய் உறங்கிய பிறகு, அவன் படுக்கைக்குத் தீ வைத்தார். சில தினங்களில் அவன் மாண்டான். அவ்வருஷம் டிசம்பரிலேயே கொலைக் குற்றம் ருசுவாயிற்றென்று ஆயுள் தண்டனை விதித்தார்கள்.

அச்செயலுக்கு ஆரத்தி எடுக்க நான் வரவில்லை. போனது ஓர் உயிர். ஆனால் அந்த நியாயஸ்தலத்தில் சர்க்கார் தரப்பு கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: அவன் மிரட்டியதற்கும் இவர் தீ வைத்ததற்கும் நடுவே நேரம் இருந்ததே, அதற்குள் ஏன் கோபம் ஆறவில்லை? 1949இல் டஃபி என்ற பெண்ணின் வழக்கிலே – அவரும் கணவனிடம் அடிபட்டவர்தான், அதையும் கவனியுங்கள் – ஆத்திரமூட்டப்பட்டுச் செய்த செயலென்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் திடீரென்று, அந்த க்ஷணத்திலே, தன் வசம் இழந்திருக்க வேண்டும் என்று வகுத்து வைத்துவிட்டார்கள். மூக்குக்கு மேல் கோபம் வந்து, கைக்கு அகப்பட்டதை எடுத்து அடித்துவிட்டு, மறு நிமிஷம் தலையில் கை வைத்து உட்காருகிற ஆண்பிள்ளையின் கோபம் ஒன்றே கோபமென்று எண்ணி எழுதிய சட்டம் அது! (கைதட்டல்.) தன்னைவிட இரண்டு பங்கு பலசாலியானவன் விழித்திருக்கையில் எதிர்த்தால் தன் உயிரே போய்விடுமென்று அறிந்தவள் உடனே பாய்வதெங்கே? பத்து வருஷம் உள்ளே கிடந்து கனன்றதை அச்சட்டம் கோபம் என்று ஒப்பவில்லை. திட்டமிட்ட செயல் என்றது.

இந்தப் படத்தை இங்கே திரையிடப் போகிறோம் என்றவுடன் இவ்வூரில் சிலருக்கு ஜுரம் கண்டுவிட்டது. பெயர் சொல்ல மாட்டேன்; சொன்னால் அவர்களுக்கு அது விளம்பரம். வருஷத்துக்கு ஒரு விழா, விழாவுக்கு ஒன்பது தலைவர்கள், தலைவருக்கு ஒரு பொன்னாடை என்று தமிழை வளர்த்து வருகிற மகானுபாவர்கள். "குடும்ப விஷயத்தைப் பொது மேடைக்கு இழுக்கலாமா? அடிக்கிற கைதானே அணைக்கும்?" என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஐயா, அந்தப் பழமொழியை முதலில் சொன்னவன் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடி வாங்கியவள் சொல்லியிருக்க மாட்டாள் என்று மட்டும் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்! (பலத்த கைதட்டல்.) இன்னும் இருக்கிறது. அவர்கள் விழா அழைப்பிதழை நான் எழுத்தெழுத்தாய்ப் படித்துப் பார்த்தேன். ஒன்பது தலைவர்களில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. கடைசி வரியில் மட்டும் 'மகளிர் கோலமிடுவர்' என்று போட்டிருந்தது. சிரிக்கிறீர்கள். நம் அழைப்பிதழையும் வீட்டுக்குப் போய் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காரியதரிசி கோபித்துக்கொண்டாலும் சரி.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆம், கை. நான் பிறந்து வளர்ந்த தெருவில் இட்லிக்கடை வைத்திருந்த ஓர் அம்மாள் இருந்தார். பெயர் சொல்லக் கூடாதென்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார், ஆகையால் அம்மாள் என்றே சொல்கிறேன். விறகுக்கட்டையால் புருஷன் அடித்த அடியில் அவருடைய இடது மணிக்கட்டு கோணிப்போய், மாவாட்டும்போது அந்தக் கை மட்டும் தனியாய்த் திரும்பும். புருஷன் ஒருநாள் போனவன் போனவனே. அதன் பிறகு, எங்கள் தெருவில் எந்த வீட்டில் எந்தப் பெண் ராத்திரியில் அடிபட்டாலும், தட்ட வேண்டிய கதவு எது என்று அவளுக்குத் தெரியும். ஏன், எதற்கு, நீ என்ன பேசினாய் என்று ஒரு கேள்வி கிடையாது. "சாப்பிட்டியா?" என்பார், பாயை விரித்துப் போடுவார். ஒருமுறை குடித்துவிட்டு வந்த கணவன் ஒருவன் தெருவே விழிக்கும்படி கதவை உதைத்தான். அம்மாள் கதவைப் பாதி திறந்து, "இருக்கா, தூங்குறா. விடிஞ்சு வா தம்பி. வரும்போது உங்க அம்மாவையும் கூட்டிட்டு வா, அவங்ககிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார். மூன்று நாள் அவன் அந்தத் திசைக்கே வரவில்லை! (சிரிப்பு, கைதட்டல்.)

சேமித்து வைத்த கைதட்டலை இங்கே செலவழித்துவிட்டீர்கள், நல்லது. ஏனென்றால் மேற்கு லண்டனில், சவுத்தாலிலும் இதே கதவுதான் திறந்தது. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்று ஆசிய, கரீபியப் பெண்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம், கிரண்ஜித் இங்கிலாந்துக்குப் போன அதே 1979இல் பிறந்தது. பிரக்ஞா பட்டேல் முதலான அந்தப் பெண்கள் சிறைக்குப் போய் அவரைப் பார்த்தார்கள், வழக்கறிஞரைத் தேடினார்கள், ஓயாமல் வீதியில் பதாகை பிடித்து நின்றார்கள். அவர்களுக்கு அவர்கள் சமூகத்துப் பெரியவர்கள் சூட்டிய பட்டம் என்ன தெரியுமா? குடும்பத்தைக் கெடுப்பவர்கள்! நம் ஊர் ஒன்பது தலைவர்களுக்கு அங்கேயும் பங்காளிகள் இருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்குப் படத்தின்மேல் ஒரு மனத்தாங்கல். நந்திதா தாஸ் அச்சங்கத்துப் பெண்ணாக வந்து அழகாகச் செய்திருக்கிறார். ஆனால் கதையின் பெரும் பாரத்தைச் சிறைத்தோழியின் தலையிலும், அவளுடைய சகோதரராக வரும் பாரிஸ்டர் தலையிலும் ஏற்றிவிட்டார்கள். உண்மையில் மேல்முறையீட்டில் வாதாடிய ஜெஃப்ரி ராபர்ட்சனுக்கும் சிறைத்தோழிக்கும் அப்படியோர் உறவு இல்லை. கம்பீரமாய் அங்கி தரித்தவர் எழுந்து நின்று வாதிட்டால் நமக்கு மெய்சிலிர்க்கிறது. மனு நகலெடுத்து, தபால்தலை ஒட்டி, மழையிலே பதாகை பிடித்தவளைச் சினிமா ஓரத்தில் நிறுத்துகிறது. இட்லிக்கடை அம்மாளை வைத்து ஒருவரும் படம் எடுக்கவில்லை என்பதும் இதனால்தான்.

1992 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. செப்டம்பரில் மறுவிசாரணை நீதிமன்றம், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று குறைந்த குற்றத்துக்கு மூன்று வருஷம் நாலு மாதம் விதித்து, அதுவரை இருந்ததே போதுமென்று அவரை வெளியே அனுப்பியது. கவனியுங்கள், விடுதலைக்கு வழி செய்தது அவர் மனச்சோர்வு நோயில் இருந்தார் என்ற வைத்திய சாட்சியம். அவருடைய கோபத்தை ஒப்ப மனமில்லாத சட்டம், அவருடைய நோயை ஒப்பிற்று! அப்படியும் அவரைப் போலவே அடிபட்டுச் சிறைப்பட்ட வேறு பெண்களும் அவருக்குப் பின்னால் வெளியே வந்தார்கள்: 1995இல் எம்மா ஹம்ப்ரீஸ், 1996இல் சாரா தார்ன்டன். கிரண்ஜித்தோ 1997இல் ரஹிலா குப்தாவோடு சேர்ந்து தம் கதையைப் புஸ்தகமாக்கினார்; அப்புஸ்தகமே இப்படத்துக்கு ஆதாரம். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'திடீர்' என்ற நிபந்தனையையே இங்கிலாந்து கைவிட்டது. அது 2010 அக்டோபரில் அமலுக்கு வந்தது. டஃபியிலிருந்து கணக்குப் போட்டால் அறுபது வருஷத்துக்குக் குறையாது.

நம் சென்னை உயர்நீதிமன்றமோ அதே 1989இல், குழந்தைகளோடு கிணற்றில் விழுந்து தான் மட்டும் பிழைத்துக்கொண்ட ஒரு தாயின் வழக்கிலே, நாள்பட்ட துன்பமும் ஒரு தூண்டுதலே என்று ஏற்றுக்கொண்டு, கொலைக் குற்றத்தைக் குறைத்தது. அதற்கு அந்நீதிமன்றம் துணைக்கு அழைத்த பெயர் நம் நல்லதங்காள்! அண்ணன் வீட்டு வாசலில் பசியோடு நின்று, ஏழு பிள்ளைகளோடு பாழுங்கிணற்றுக்குப் போன அவள் கதையைக் கேட்டு நம் பாட்டிமார் அழுதார்கள். நீதிபதிகள் அதைத் தீர்ப்பில் எழுதினார்கள். இப்போது தட்டுங்கள் கையை, யார் வேண்டாமென்றது?

காரியதரிசி எழுந்துவிட்டார். ஒரு விண்ணப்பம் மட்டும். எனக்கு வைத்திருக்கும் பொன்னாடையின் விலையில், இம்மண்டபத்து வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டுங்கள்: பெண்களுக்கான உதவி எண் 181, எந்நேரமும் அழைக்கலாம், அடிக்கும் கணவனையே வீட்டை விட்டு விலக்கி வைக்க நீதிபதிக்கு அதிகாரம் தரும் குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அடுத்த விழா அழைப்பிதழில் இட்லிக்கடை அம்மாளின் பெயரைப் போடலாமா என்று நானே போய் அவரிடம் கேட்கிறேன். அவர் சம்மதித்தால் தலைமை அவருக்கு.